கடந்த காலத்துக்குப் போன கம்பெனி பஸ்

"மாமா, ஒரு முப்பது பசங்க கெடைப்பாங்களா?"

போன மாதம் ஒரு காலையில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே என் மருமகள் ரேவதி கேட்டாள்.

ஆள் கேட்டு என்னிடம் வராதவர்கள் கும்மிடிப்பூண்டியில் யார்? ஃபிட்டர் வேண்டும், வெல்டர் வேண்டும், அவசரமாக ஒரு கிரேன் ஆப்பரேட்டர் வேண்டும் — எதுவானாலும் எனக்கு ஒரு போன் போதும். இரும்புத் தகடு தூக்கும் ஹெல்பராகத் தொழிற்பேட்டை கேட்டுக்குள் நுழைந்தவன் நான். இன்று அதே ரோட்டில் என் பெயர் போட்ட ஃபேப்ரிகேஷன் ஷெட் நிற்கிறது. படிப்பு? நாலாவது. அதுவும் பாதி. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு இது பழைய செய்தி. ஆனால் புதிதாக யாராவது வந்திருப்பார்கள் அல்லவா... அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் பிள்ளைகள் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

"முப்பது பசங்களா? இன்னா வேலைக்கு?"

"கதை கேக்கறதுக்கு மாமா."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ரேவதி பெரியபாளையத்துப் பெண். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. காலையும் மாலையும் கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தூங்க, இவள் மட்டும் போனில் ஒரு கதை எழுதியிருக்கிறாள். சிறுவர் நாவல்.

அக்காவும் தம்பியும் பனிமூட்டத்தில் தப்பான கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். இறங்கினால் பழவேற்காடு. ஆனால் இன்றைய பழவேற்காடு இல்லை... டச்சுக்காரன் கோட்டை கட்டிக் கப்பல் நிறுத்தியிருந்த காலம். அனல்மின் நிலையம் நிற்கும் வள்ளூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒரு புகைபோக்கி கிடையாது. பிள்ளைகள் கோட்டைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பித்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றினால் சொல்லாமல் இருப்பேனா?

"ஏம்மா, கடந்த காலம்தானே? நான் தொழில் ஆரம்பிச்ச காலத்துக்கு அனுப்பேன். எவ்ளோ விஷயம் கத்துக்கும் பசங்க."

"அவ்ளோ கிட்ட போறதுக்கு டவுன் பஸ்ஸே போதும் மாமா."

சென்னையில் ஒரு பதிப்பகம். அங்கே எடிட்டர் மாலதி என்று ஒரு அம்மா. கதையைப் படித்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு. ஆனா இந்தக் காலத்துப் பசங்க பழங்காலக் கதைய உட்கார்ந்து கேட்பாங்களா? அவங்க முன்னாடி படிச்சுக் காட்டுங்க. நான் வந்து பார்க்கறேன். அப்புறம்தான் போடறதா வேணாமான்னு சொல்வேன்" என்றாராம்.

ரேவதி தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "இதுவும் ஆவலன்னா, நானும் பஸ்ல தூங்கிக்கினே போறேன் மாமா. எனக்கு எழுத வரலன்னு அர்த்தம்."

விடுவேனா நான்? என் வெல்டர் அந்தோணி குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு ஹால் உண்டு. தகரக் கூரை, நாலு ஃபேன், இரண்டு பக்கமும் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். ஒரே போன். சனிக்கிழமை மத்தியானம் ஹால் தயார். பிள்ளைகள் தயார். முப்பது கேட்டாள், நாற்பது வந்துவிட்டது. சொன்னபடி மாலதி மேடமும் வந்து உட்கார்ந்தார்.

ரேவதி படிக்க ஆரம்பித்தாள். நன்றாகவே படித்தாள். கோட்டைக் காவல்காரன் தம்பியின் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைப் பார்த்து, ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை என்று சல்யூட் அடிக்கிற இடம் வந்தது. நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

பிள்ளைகள்? ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒருத்தன் சட்டைக் காலரை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டான். இரண்டு பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தூக்கமா? சலிப்பா? அத்தியாயம் முடிந்தது. கைதட்டல் இல்லை. எல்லாரும் கையைத் தூக்கி விரல்களை மட்டும் ஆட்டினார்கள்... 'போதும், எழுந்து போ' என்று சொல்வதுபோல.

மாலதி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். ரேவதி அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த அத்தியாயத்தைத் தொடங்காமல் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

சும்மா இருக்க முடியுமா? எழுந்தேன். கிரைண்டிங் மெஷின் ஓடும்போதே ஷெட்டின் அந்தக் கோடிக்குக் கேட்கிற தொண்டை எனக்கு.

"டேய் பசங்களா, இன்னாடா உம்முன்னு ஒக்காந்துகினு கீறீங்க? கை தட்டுங்கடா."

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல். "எவன்யா அவன்... நைட்டு முழுக்க நின்னுட்டு இப்பதான்யா கண்ணு மூடினேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் நுனிக்காலில் என்னிடம் வந்தாள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். உதட்டில் விரல்.

"தாத்தா, கத்தாதீங்க. எங்கப்பா தூங்கறாரு. இவங்கப்பாவும் தூங்கறாரு. அந்த லைன் மொத்தமும் நைட் ஷிப்ட்டு."

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பட்டப்பகல். ஜன்னல் எல்லாம் போர்வையால் மூடியிருந்தது. என் ஷெட்டில் நைட் ஷிப்ட் கிடையாது. என் வீட்டில் பகலில் யாரும் தூங்கியதில்லை. ரேவதி பிறந்த வீட்டில் நெல் விவசாயம். எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே நுனிக்காலில் பழகியவை. பகலில் சிரிப்பு வந்தால் காலரைக் கடிக்க வேண்டும். கை தட்டினால் சத்தம் வரும். அதனால் விரலை ஆட்ட வேண்டும்.

மாலதி மேடம் குனிந்து, அவரும் ரகசியக் குரலிலேயே, "அப்ப கதை பிடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"இங்க வேணாம் ஆன்ட்டி. பம்ப் ரூம் தாண்டிப்பூட்டு சொல்றேன்."

போனோம். ரேவதி முன்னால், மேடம் பின்னால், நாற்பது பிள்ளைகள் வரிசையாக... ஒரு செருப்புச் சத்தம் கிடையாது. பம்ப் ரூமைத் தாண்டி ஏரிக்கரை ஏறியதுதான் தாமதம். அடைத்து வைத்த சிரிப்பு மொத்தமும் அங்கேதான் வெடித்தது. ஒருத்தன் என் எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். இன்னொருத்தன் ரேவதியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, பஸ்ஸுக்கு டீசல் யார் போட்டாங்க? டச்சுக்காரன்கிட்ட ஏது டீசலு?"

"மீன் எண்ணெ ஊத்தினா ஓடும்டா" என்றான் பின்னால் நின்ற ஒருத்தன்.

"ஓடாதுப்பா. இன்ஜெக்டர் அடச்சிக்கும்" என்றேன் நான். தொழில் தெரிந்தவன் சொல்ல வேண்டாமா?

"தாத்தா, இது கதை" என்றான் அவன்.

ரேவதி மீதிக் கதையைச் சொல்லி முடித்தாள். நள்ளிரவு... பிள்ளைகள் கோட்டைச் சுவர் ஏறிக் குதித்துத் தப்பிக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் உதட்டில் விரல் வைத்த அந்தப் பெண் — பெயர் ஜெனிபர் — முகத்தைச் சுளித்தாள்.

"நைட்ல இன்னாத்துக்கு போறாங்க? நைட்லதான் செக்யூரிட்டி முழிச்சிகினு இருப்பாரு."

"அப்ப எப்பப் போவ?" என்றாள் ரேவதி.

"மத்தியானம். நைட் ட்யூட்டி பாத்தவங்க மொத்தமும் தூங்குவாங்க இல்ல? வாசப்படில படுத்திருந்தாக்கூட தாண்டிப்பூடலாம். மூச்சை இப்படி இழுத்துப் புடிச்சிக்கணும். கொலுசு போட்டிருந்தா கழட்டிடணும். கதவைக் கொஞ்சம் தூக்கித் தொறந்தா சத்தம் வராது."

நாற்பது பிள்ளைகளும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எந்தப் பக்கம் புரண்டால் ஆழ்ந்த தூக்கம், குறட்டை நின்றால் எத்தனை நேரம் சிலையாக நிற்க வேண்டும்... மேடம் மூக்குக்கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். அவரும் ரேவதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரேவதி, அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதிக் குடுங்க. புக் போடறோம்" என்றார்.

காரில் வரும்போது நான் யோசித்தேன். கோட்டை என்றால் நமக்கு என்ன தெரியும்? கட்டியவன் பெயர் தெரியும், பிடித்தவன் பெயர் தெரியும். ராத்திரி முழுக்கக் காவல் நின்றவன் காலையில் எங்கே போய்ப் படுத்தான்? அவன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்திருக்கும். அதுவும் நுனிக்காலில்தான் நடந்திருக்கும். எந்தக் காலத்துக்கு பஸ் ஏறிப் போனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பெரிய படிப்பாளிகள் மறுத்தால் மறுக்கட்டும்... எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் ரேவதி புது அத்தியாயத்தைக் கூடத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். உச்சி வெயில். காவல்காரர்கள் நிழலில் வரிசையாகத் தூங்குகிறார்கள். அக்கா கொலுசைக் கழற்றி மடியில் முடிகிறாள். தம்பி கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்கிறான்...

முடிகிற வரை நான் வாயே திறக்கவில்லை. இந்த வீட்டில் அப்படி நடப்பது முதல் தடவை என்று என் மனைவி சொல்கிறாள்.