நாலாவது தோள்

பெண்களும் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையில் நிற்கலாம், மார்க்கத்தில் தடை இல்லை என்று செங்கல்பட்டு ஜமாஅத் கூட்டங்களில் பதினோரு வருடம் வாதாடியவன் நான். போன வருடம் என் மனைவி இறந்தபோது, சிறுசேரியில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகளை நானே பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய்க் கடைசி வரிசையில் நிறுத்தினேன்.

வந்திருந்த ஆண்கள் நாற்பத்து மூன்று பேர். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, என் மனைவியின் உடலருகே நின்றபடி திரும்பிப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, மய்யித்த வெச்சிகினு கூட வம்பா? பொண்ண வூட்டுக்கு அனுப்புங்க. இல்லன்னா நீங்களே தூக்கிகினு போங்க."

அவர் வெளியேறியதும் மற்றவர்களும் செருப்பை மாட்டினார்கள். இரண்டு பேர் நின்றார்கள். என்னோடு மூன்று. உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும்.

"நாலாவது தோளுக்கு நான் இருக்கேன் அத்தா," என்றாள் மகள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நாற்பத்தொரு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வூட்டுக்குப் போ," என்றேன்.

"நீங்கதானே நிக்கச் சொன்னீங்க?"

அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தெருவில் விட்டேன். யாரோ சிரித்தார்கள். எல்லோரும் உள்ளே வந்தார்கள். தொழுகை நடந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வீட்டில் மகளின் பை இல்லை. இதுவரை நூற்றுப்பன்னிரண்டு முறை போன் செய்துவிட்டேன், எடுக்கவில்லை.

சென்ற மாதக் கூட்டத்தில் முத்தவல்லி, "வாத்தியார் திருந்திட்டாரு," என்றார். நான் எழுந்து மறுக்கவில்லை.