டிரைவர்களுக்கு மட்டும்

டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். இருபத்தாறு வருடமாக ஒரே தடம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குப் போய்ச்சேரும் பகல் பஸ். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் சொல்வார்கள்தான், அவர் அளவுக்கு ஆயிரம் தடவை சொல்வதில்லை, அவ்வளவே.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அந்த நிதானத்தைப் பார்க்க முடியாது. வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சின்ன ஹோட்டல். விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். உட்கார்ந்ததும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். தட்டை முகர்வார். குழம்பில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது காலையில வச்சதுய்யா. சூடு பண்ணி எங்கிட்டயே கொண்டாந்து வைக்கிறியா?" என்று சர்வரைத் திருப்பி அனுப்புவார். பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் குழம்பை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

"உங்களோட ஹோட்டலுக்கு வர்றதுக்கு வீட்டுலயே பட்டினி கிடக்கலாம்," என்பாள் மனைவி.

"வயித்துக்குள்ள போற சமாச்சாரம்டி. நாம கேக்கலைன்னா யாரு கேப்பா?"

இப்படிக் கேட்ட மனிதர்தான் வாரத்தில் ஆறு நாள், மத்தியானம் பன்னிரண்டரைக்கு, நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் வண்டியை நிறுத்துவார். முன்னும் பின்னும் அரை மணி நேரத்துக்கு வேறு கடை கிடையாது. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே சாப்பாடு இலவசம். சமையல்கட்டைத் தாண்டிப் போனால் ஒரு கதவு, அதன்மேல் 'டிரைவர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை. உள்ளே மின்விசிறி, மெத்தை வைத்த நாற்காலி, தனி அடுப்பு, அப்போதே வடித்த சோறு. முதலாளியே கரண்டியோடு வந்து பரிமாறுவார்.

வெளியே கூடத்தில் பயணிகள் சாப்பிடுவது வேறு. அந்தக் கதவுக்குப் போகும் வழி சமையல்கட்டு வழியாகத்தான் என்பதால் நிதானத்துக்கு அது தெரியும். நேற்றைய சோற்றை வெந்நீரில் அலசி இன்றைய சோற்றோடு கலப்பதைப் பார்த்திருக்கிறார். அடி காணாத குழம்புப் பானையையும் பார்த்திருக்கிறார். தினமும் மேலே ஊற்றுவார்களே தவிர, ஒருநாளும் அதைக் காலிசெய்து கழுவியதில்லை. இன்றைக்கு வந்தவன் நாளைக்கு வரப்போவதில்லை, பிறகு யாருக்காகக் கழுவுவது? பார்த்துவிட்டு அவர் உள்ளே போய் உட்காருவார். ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. சோறு மட்டும்தானே, அதுவும் ஒரு வேளைச் சோறு. முழுப் பூசணிக்காயை அந்தச் சோற்றில்தான் அவர் இருபத்தாறு வருடமாக மறைத்து வைத்திருந்தார்.

அன்றைக்கு அந்த வண்டியில் அவருடைய மகளும் வந்தாள். ஏழு மாதம். இதற்கு முன்னால் இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற கரு. அம்மா வீட்டில் போய்க் கொஞ்ச நாள் படுத்து ஓய்வெடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் பிடிக்கிறேன் என்ற புருஷனிடம், "எங்கப்பா ஓட்டினா டம்ளர் தண்ணி கூடத் தளும்பாது" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நாலு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு பெண். இரண்டு மணி நேரத்தில் இருவரும் அக்கா தங்கையாகிவிட்டார்கள்.

ஹோட்டல் வந்தது. "நீ இறங்க வேண்டாம்மா. அப்பா உனக்கு உள்ளேருந்து கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டு நிதானம் இறங்கினார்.

சமையல்கட்டில் சமையல்காரர் பெரிய சட்டியில் கோழியைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாடை ஒரு மாதிரி இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் நிதானம்.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஃப்ரிட்ஜ் ஓடலைண்ணே. காரத்தைத் தூக்கிப் போட்டிருக்கேன், ஒரு பயலுக்கும் தெரியாது. இன்னிக்குத் தள்ளி விட்டுடணும்." சமையல்காரர் சிரித்தார். "உங்களுக்கு உள்ளே வேற இருக்கு, பயப்படாதீங்க."

நிதானம் பயப்படவில்லை. கண்டக்டர்தான் உள்ளே உட்கார்ந்ததும் தயங்கினார்.

"அண்ணே, கோழி மட்டும் வேண்டாம்னு சனங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லிட்டு? நாளையிலேருந்து நீ எங்கே சாப்பிடுவே? இத்தனை வருஷத்துல யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா? சாப்பிடுய்யா."

சாப்பிட்டார்கள். முதலாளி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வைத்தார். மகளுக்கென்று பொட்டலம் கட்டித் தந்தார். "நம்ம பொண்ணு, நல்லாச் சாப்பிடட்டும்" என்று ஒரு முட்டையும் சேர்த்து வைத்தார். அதை எடுத்துக்கொண்டு நிதானம் வண்டிக்கு வந்தபோது மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாப்பிட்டேன்ப்பா. பசி தாங்கலை. அந்தக்காவும் பாப்பாவும் தனியாப் போக யோசிச்சாங்க, நானும் கூடப் போனேன்."

"என்ன சாப்பிட்டே?"

"சோறும் கோழியும். கொஞ்சம் காரம் ஜாஸ்தி."

பொட்டலம் அவர் கையில் சுட்டது. அந்த நிமிடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். போய் வாந்தி எடும்மா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவள் கேட்பாள். பின்னால் நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சாவியைத் திருகினார்.

அதன்பிறகு அவர் சாலையைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். அவள் தூங்கினாள். நல்லது. அவள் விழித்துக் குழந்தையோடு விளையாடினாள். ரொம்ப நல்லது. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி. தெய்வங்களுக்கெல்லாம் வரிசையாக ஏதேதோ வேண்டிக்கொண்டார். இனி அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் வேண்டிக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இன்னும் வராதபோதே அவருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இரண்டரை மணிக்கு முதலில் அந்தக் குழந்தை வாந்தி எடுத்தது. வெயில்தான் என்று யாரோ சொன்னார்கள். அடுத்தது கடைசி சீட்டில் ஒருவர். பிறகு இரண்டு பக்கமும் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. கண்ணாடியில் மகளைத் தேடினார். அவள் முன்கம்பியை இறுகப் பிடித்துக் குனிந்திருந்தாள்.

"அப்பா, வண்டியை நிறுத்துங்க."

சாலை ஓரத்தில் குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தாள். அடங்கியதும் இன்னொரு முறை. கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார். குடித்த தண்ணீரும் தங்கவில்லை. நான்காவது முறை அவள் நிமிரவில்லை, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, வயிறு கல்லு மாதிரி இறுக்குது. விட்டு விட்டு இறுக்குது. இப்ப ஏம்ப்பா? இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

நிதானத்துக்குக் கை கால் ஓடவில்லை. கண்டக்டரும் அந்தப் பெண்ணுமாகத்தான் அவளைத் தூக்கி ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரி தடத்தைவிட்டு விலகி முப்பது கிலோமீட்டரில் இருந்தது. யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். யாரும் மறுத்தும் பேசவில்லை, பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி தேவையாக இருந்தது. மீதிப் பாதி திட்டிக்கொண்டு வந்தது. "எந்தக் கடையில கொண்டு போய் நிறுத்தினான் பாரு! எவ்வளவு வாங்கினானோ!"

நான் ஒரு பைசா வாங்கலை என்று அவர் வாய்வரை வந்தது. அந்தப் பெருமையை விழுங்கிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

டெப்போவில் யார் பார்த்திருந்தாலும் அது நிதானத்தின் வண்டி என்று நம்பியிருக்க மாட்டார்கள். ஹாரனை அழுத்திய கையை எடுக்கவேயில்லை. லாரிகளுக்கு இடையில் புகுந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் மகள் 'அம்மா' என்று முனகினாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வேகமாகப் போனால் அவளுக்குக் குலுங்குகிறது, மெதுவாகப் போனால் நேரம் போகிறது. என்ன செய்வது? ஐயோ, என்ன செய்வது? வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார். மனைவியிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மகளைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா அவரை வாசலில் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"கோழி."

"எப்போ சமைச்சதுன்னு தெரியுமா?"

"சமைச்சது இன்னிக்கு, கறி நேத்தையது. ஃப்ரிட்ஜ் ஓடலை."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதிலுக்குக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. "உடம்புல தண்ணியே இல்லை, அதனாலதான் வலி வந்திருக்கு. நிக்குதான்னு பார்க்கணும். குழந்தையோட துடிப்பு இன்னும் சரியாக் கிடைக்கலை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றார். உட்காரவில்லை. மூன்றாவது பேரப்பிள்ளையும் போய்விட்டதென்றே முடிவு கட்டிவிட்டார். மகள் மட்டும் பிழைத்தால் போதும் என்று நினைத்தார், அப்படி நினைத்ததற்குத் தன்னையே சபித்துக்கொண்டார். வாந்தி எடுத்த பயணிகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

கடைசியில் நர்ஸ் வந்தாள். "துடிப்பு கிடைச்சிடுச்சுங்க. வலியும் குறையுது. இன்னிக்கு முழுக்கப் பார்க்கணும். உள்ளே போகலாம்."

மகள் கையில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இன்னொரு கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எங்கப்பாவையும் பாருங்க," என்றாள். "அவரும் அங்கதான் சாப்பிட்டாரு. வலி இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. எல்லாருக்கும் வந்திருக்கு, உங்களுக்கு மட்டும் எப்படி வராம இருக்கும்?"

நர்ஸ் அவர் நாடியைப் பார்க்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நான் உள்ளே சாப்பிட்டேன்மா," என்றார்.

"உள்ளேன்னா?"

"டிரைவருக்குத் தனி ரூம்."

"அங்க வேற சமையலாப்பா?"

"ஆமா."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கப்பா, எங்கப்பா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற பெண் அவள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை, தரையைப் பார்த்தார்.

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் தலையாட்டினார்.

"பாப்பாவுக்கு இந்தக் கோழியைக் குடுக்கலாமான்னு அந்தக்கா என்கிட்டதான் கேட்டாங்கப்பா. வாடை வருதேன்னு கூடச் சொன்னாங்க. எங்கப்பா நிறுத்துற கடைக்கா, தைரியமாக் குடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கைக்குள் இருந்த கையை உருவி எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். மூன்று கட்டில் தள்ளி அந்தக் குழந்தை கண் மூடிக் கிடந்தது. அதன் சின்னக் கையிலும் ஊசி. நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தியிருந்தார்கள். அம்மாக்காரி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போய் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்கப்பா," என்றாள் மகள். "நான் எப்படிச் சொல்லுவேன்?"

நிதானம் அந்தக் கட்டிலை நோக்கி நடந்தார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, அவர் வருவதைப் பார்த்து, ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து உட்காருவதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.