குருசாமி அராவாத ஸ்லாட்

போன புதன்கிழமை காலை குருசாமி பஸ்ஸில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு முன்பே ஏறி, எனக்கும் இடம் போட்டுவிட்டு, வண்டி நகர்வதற்குள் தூங்கிவிடுகிற மனிதர். லீவு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இராஜபாளையத்தில் இறங்கும்போது அவர் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாவ" என்றாள். குளிக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவர்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப் தெரியும். பேண்டேஜ் கம்பெனியின் பின்பக்கம் ஒரு டிரில்லிங் மிஷின், இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், நாங்கள் இரண்டு பேர். துணிச் சுருளை அறுக்கும் நீளக் கத்திகளுக்கு நாங்கள்தான் பிடி போடுவோம். கை வழுக்கி அலகுக்குப் போய்விடாமல் பிடிக்கு முன்னால் ஒரு பித்தளைத் தடுப்பு உண்டு. பிடிக்குள் போகும் கத்தியின் வால் நுழைய அதில் ஸ்லாட், அதாவது நீளத் துளை, வெட்ட வேண்டும். மில்லிங் மிஷின் இருந்தால் அது ஒரு வேலையே இல்லை. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் முதலாளி வாங்குவதாகச் சொல்வார். கடைசிவரை வாங்கவில்லை.

குருசாமி வரிசையாகத் துளை போட்டு, இடையில் நிற்கும் பித்தளையை ரம்பத்தால் எடுத்துவிட்டு, சின்ன அரத்தால் அராவுவார். கத்தி வாலை விளக்குக் கரியில் காட்டி உள்ளே நுழைத்துப் பார்ப்பார். ஸ்லாட்டில் எங்கே கரி ஒட்டுகிறதோ அந்த இடம் இடிக்கிறது என்று அர்த்தம். "கரி பட்ட எடத்த மட்டும் அராவு. மத்தது சும்மா கெடக்கட்டும்" என்பார். ஒரு தடுப்புக்கு இருபது தடவையாவது நுழைத்து எடுப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒரு நாள் அவசரத்தில் கரியும் பார்க்காமல், கண்ட இடத்திலும் அராவினேன். ஸ்லாட் பெரிதாகி, தடுப்பு அலகின் மேலேயே நழுவியது. பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி இடுக்கில் சொருகி, ஈயம் பற்றவைத்து அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் தகரம் பிய்ந்து தடுப்பு நழுவியது. கட்டிங் பிரிவில் இருந்த பேச்சியம்மாள் அக்காவின் இரண்டு விரல்களில் நரம்பு அறுந்துபோனது.

முதலாளி கத்தியோடு வந்து யார் வேலை என்று கேட்டார். குருசாமி தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அப்போது தினக்கூலி. நான்தான் என்று சொன்னால் அன்றோடு வெளியே. "என் கைதான் மொதலாளி. கூட அராவிட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "இனி ஓட்டைய நீ போடு. அரத்த நான் பாத்துக்கிடுதேன்." அதன்பிறகு அத்தனை வருடமும் நான் துளை மட்டுமே போட்டேன். அவர் கத்தியைக் கொடுக்கும்போதெல்லாம் கட்டிங் பிரிவுப் பெண்கள் அவர் கண்ணெதிரிலேயே தடுப்பை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். நான் டிரில் மிஷினைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

துக்க வீட்டுக்குப் பேச்சியம்மாள் அக்கா வந்திருந்தார். மடங்காத விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வெரலு மடங்காதப்பெல்லாம் அவர வாய்க்கு வந்தபடி வஞ்சிருக்கேன் தம்பி. நல்ல மனுசனப் போயி வஞ்சதுக்கு ஆண்டாளு என்னய மன்னிக்கணும்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் உடல் பத்தடி தூரத்தில் கிடந்தது. "விடுங்கக்கா" என்றேன். என்னைப் போல இப்படியும் ஒரு பிறவி.

மறுநாள் அவருடைய டூல் பெட்டியைத் திறந்தேன். அடியில், துணி சுற்றி, அந்தத் தடுப்பு இருந்தது. தகரம் ஒட்டியிருந்த ஈயத் தடம் அப்படியே இருக்கிறது. என்றைக்காவது அதை எடுத்துக் காட்டி, இது யார் வேலை என்று சொல்லியிருந்தால் போதும், அவர் பெயர் தப்பித்திருக்கும். அரங்களை அவர் மகளிடம் கொடுத்துவிட்டேன். அவற்றைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை. தடுப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாள் அக்கா, அந்த ஸ்லாட்டை அராவியது நான். இனி விரல் மடங்காதபோது என்னை வைதுகொள்ளுங்கள்.