உதடு அசையாமல் கேட்ட துஆ

என் அன்பான சகோதரிகளே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள் வீடுகளில் இறங்கட்டும். நாலு பேர் முன்னால் கதைக்க எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

சுனாமியில் என் இளைய மகள் ஸுமையா என் கையில் இருந்து நழுவிப் போனாள். ஆறு வயது. அடக்க மையித்தும் கிடைக்கவில்லை. அதன் பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை. கடலோரச் சாய்ந்தமருதில் இருந்துகொண்டு அது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்து ஜன்னலைப் பூட்டியே வைத்தேன். இரைச்சல் மட்டும் உள்ளே வந்தது. ஒரு இடத்தில் இருக்க முடியாது. கூட்டின வாசலையே திரும்பத் திரும்பக் கூட்டுவேன். தொழுகை முடிய ஒவ்வொரு முறையும், "யா அல்லாஹ், இந்த இரைச்சலை நிறுத்து" என்று துஆக் கேட்பேன். உதட்டை அசைத்துத்தான் கேட்பேன். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனபோது சொல்லித்தரும் லெப்பை எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அசையாவிட்டால் ஓதினதாக எடுக்க மாட்டார். அந்தப் பழக்கம் போகவில்லை.

போன பள்ளிக்கூட விடுமுறைக்கு மூத்த மகள் ரிபாயா என்னைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போனாள். கடலுக்கு அடியில் முழுகிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள்.

"உனக்கு விசரா புள்ள? இந்த வயசில என்னைக் கடலுக்க தள்ளவா கூட்டி வந்தாய்?"

"டொக்டர் ஓம் எண்டு சொன்னவர்தானே. இருபது வருஷமா வாசல்தான் தேயுது உம்மா. ஒருக்கா இறங்கிப் பாருங்க. ஏலாட்டி ஏறிருவம்."

ஸுமையா இருக்கும் இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. இறங்கினேன்.

கூட வந்தது முழுகப் பழக்கும் அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, குழாயை வாயில் தந்தாள். "அம்மா, இதை மட்டும் விட்டிராதீங்க" என்றாள்.

தலைக்கு மேல் தண்ணீர் வந்தது. பழைய பழக்கம். கலிமா சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். குழாய் நழுவியது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. மௌத்து வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்ல வாய் இல்லை. நெஞ்சு மட்டும் கேட்டது: யா அல்லாஹ், பிடித்துக்கொள்.

அந்தப் பிள்ளையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மற்றக் கையால் குழாயை வாயில் வைத்து அழுத்தினாள். காற்று வந்தது. பிடித்த கையை அவள் விடவே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். இரைச்சல் இல்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. மணலில் வெயில் விழுந்து கிடந்தது. மஞ்சள் மீன்குஞ்சுகள் போயின. என் பிள்ளை இருட்டிலும் இரைச்சலிலும் கிடக்கிறாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அங்கே வெளிச்சம் இருந்தது.

மேலே வந்ததும் அந்தத் தமிழ்ப் பிள்ளை சிரித்தாள். "கடலுக்குள்ள போய்க் கதைக்கப் பார்த்த ஆளை இண்டைக்குத்தான் கண்டேன், அம்மா!"

"கதைக்கல்ல புள்ள, ஓதப் பார்த்தன்" என்றேன். ரிபாயா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

இப்போதும் சில நாள் இருப்புக் கொள்ளாது. வாசலைக் கூட்டுவேன். ஆனால் ஜன்னல் திறந்திருக்கிறது. அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போய் இருந்துவிட்டு வருகிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, வாய் வராத நேரத்திலும் அவனிடம் கேளுங்கள். நம் உதடு அசையும் வரை அவன் காத்திருப்பதில்லை.