பதினெட்டு ஃபிரேம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இது நடந்தது பட்டப்பகலில். 1964, மாசி மாதம், புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில். கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். ஸ்டூடியோக்காரர் மைக்கேல்சாமி தன் வாயாலேயே என்னிடம் சொன்னது இது. கடைசியில் வரும் கடிதத்தை நானே கையில் வாங்கிப் படித்தேன்.

அந்த வருஷம் மெட்ராஸ் கம்பெனி ஒன்று வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஜல்லிக்கட்டைப் படம் பிடித்தது. மூன்று கேமரா. ஒன்று மேடையில், ஒன்று லாரி மேல், மூன்றாவது திடலில் நிறுத்தியிருந்த மாட்டுவண்டியில். வண்டிக் கேமரா மைக்கேல்சாமியுடையது. அவர் கண்ணெதிரேதான் ரத்தினவேல் என்ற மாடுபிடிக்காரன் கொம்பில் குத்துப்பட்டுச் செத்தான். கழுவிய ரீல்களைக் கம்பெனி அவருக்கே அனுப்பியிருந்தது. மாடும் ஊரும் தெரிந்தவர், மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தித் தரட்டும் என்று.

காலை 11.30. செவந்தி வந்து நின்றாள். ரத்தினவேலின் மனைவி.

"அண்ணே, படத்துல அவரு மொகம் தெரியுங்களா?"

"ஒரே தூசி, ஆத்தா. சரியாத் தெரியல."

"கடைசியா என்னமோ சொன்னாராம்ல. அது கேக்குங்களா?"

"அது சத்தமில்லாத படம். நீ ஊருக்குப் போ."

"என்னைக்குப் போட்டாலும் சொல்லி விடுங்க. நான் பாக்கணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவன் கடைசியாகச் சொன்னது மைக்கேல்சாமிக்கு மட்டும் தெரியும். மாடு துரத்த ஓடி வந்தவன் வண்டி விளிம்பைப் பிடித்து, "அண்ணே, கை குடுங்க" என்றான். கொடுத்திருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் வண்டி ஆடியது, கேமராவும் ஆடியது. அப்படி ஒரு காட்சி ஆயுசுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் அந்த விரல்களை வலது காலால் மிதித்தார். மூன்று தடவை. விரல்கள் விட்டன. கொம்பு வயிற்றில் ஏறி முதுகில் வந்தது.

ஜனம் மாட்டைத்தான் பார்த்தது. மற்ற இரண்டு கேமரா எதைப் பார்த்தன? அது வெளியே வந்தால் கோர்ட்டு, தூக்குக் கயிறு. அதற்கும் முன்னால் செவந்தியின் தம்பிகள் அரிவாளோடு வருவார்கள்.

பகல் 12.00. கதவைத் தாழிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு உட்கார்ந்தார். வாடிவாசல் திறக்கும்போது போட்ட வெடியின் புகை மூன்று ரீலிலும் விழுந்திருந்தது. அந்தப் புகையை அடையாளமாக வைத்து மூன்றையும் ஒரே அச்சிலிருந்த பல்சக்கரங்களில் மாட்டினார். கைப்பிடியைச் சுற்றினால் மூன்றும் சேர்ந்து நகரும், அடியிலிருக்கும் சின்ன வெளிச்சத்தில் படம் கண்ணாடியில் தெரியும்.

புகையிலிருந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது ஃபிரேம். மேடை ரீலில் வெறும் தூசி. லாரி ரீலில் கால். அவருடைய கால், பளிச்சென்று. அவர் எடுத்த ரீலில் கைகள் மட்டும்தான், மிதித்த கால் படத்துக்குக் கீழே தப்பியிருந்தது.

தூசி மூடும்வரை கால் தெரிந்த பதினெட்டு ஃபிரேமை வெட்டி எடுத்துத் தீயில் போட்டார். அந்த இடத்தில் பதினெட்டு ஃபிரேம் வெற்று ஃபிலிமை ஒட்டினார். இல்லாவிட்டால் மற்ற ரீல்களோடு பொருந்தாது.

12.40. சரிபார்க்க மறுபடி சுற்றினார்.

மேடை ரீலில் தூசி விலகியிருந்தது. கால் தெரிந்தது.

சற்று முன் தூசியாக இருந்த அதே ஃபிரேம்கள்தான்... அதையும் வெட்டினார். எரித்தார். வெற்று ஃபிலிம் ஒட்டினார்.

1.15. மறுபடி சுற்றினார்.

இப்போது அவருடைய ரீல். வண்டி விளிம்பில் இரண்டு கைகள். நாலு நொடியில் விட வேண்டும். அவர் எடுத்ததாயிற்றே, அவருக்குத் தெரியாதா?

கைகள் விடவில்லை.

சுற்றினார். சுற்றினார்... விடவில்லை.

நசுங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. விளிம்புக்கு மேல் தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. அவை அவரைப் பார்த்தன.

வாய் அசைந்தது.

சத்தமில்லாத படம்.

ஆனால் மேசைக்கு அடியிலிருந்து கேட்டது...

"அண்ணே... கை குடுங்க."

இடது கணுக்காலை ஏதோ பிடித்தது.

ஈரம். சூடு.

வலது காலால் மிதித்தார்.

மடக்... எலும்பு முறிகிற சத்தம்.

இன்னும் பிடித்திருந்தது.

மிதித்தார். மடக்...

மூன்றாவது தடவை மிதித்தார்.

விட்டுவிட்டது.

1.22. அறை விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் யாரும் இல்லை. இடது கணுக்காலில் ஐந்து நகம் பதிந்து ரத்தம் வழிந்தது. வலது பாதத்தின் அடியிலும் ரத்தம். அந்தப் பாதத்தில் காயமே இல்லை.

அதற்குமேல் அவர் அந்த ரீல்களைப் பார்க்கவில்லை. டப்பாக்களில் போட்டு மூடி, 3.30 பஸ்ஸில் பார்சல் ஏற்றிவிட்டார். காலும் இல்லை, சாட்சியும் இல்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பதினோரு நாள் ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் கம்பெனி மேனேஜரின் கடிதம் வந்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்:

"மூன்று ரீலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. லாரி ரீலிலும் மேடை ரீலிலும் நீங்கள் ஒட்டி அனுப்பிய பதினெட்டு ஃபிரேம்கள்தான் படத்துக்கே உயிர். தரையோடு தரையாகக் கிடந்து, மேலே வண்டியைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். மிதிக்க வருகிற காலும், கேமராவில் கண் வைத்திருக்கும் உங்கள் முகமும் தெளிவாக விழுந்திருக்கின்றன. நடிப்பு என்றே தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே திரை கட்டிக் காட்டுகிறோம். ரத்தினவேலின் மனைவிக்கு முன்வரிசையில் இடம் போடச் சொல்லியிருக்கிறோம். நாங்கள் வைத்தது மூன்று கேமராதான். நான்காவதாக அதை எடுத்தவர் யார்? படத்தில் போட வேண்டும், அவர் பெயரை மட்டும் உடனே எழுதி அனுப்பவும்."