அமுக்கிப் பார்த்த அரக்கு

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தடயவியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தபோது, வழக்குப் பொருட்கள் வைக்கும் அறையின் சாவி என் கைக்கு வரும் என்று நினைக்கவில்லை. பூட்டிவிட்டு வாசல்வரை வருவேன், திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "பூட்டு இன்னா ஓடியா போயிடும்?" என்று கூட வேலை பார்த்த அண்ணன் கிண்டல் செய்வார்.

ஒரு மழைக்கு அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தரையில் கிடந்த பார்சல்களை எல்லாம் புது இரும்பு அலமாரிகளில் வழக்கு எண் வாரியாக அடுக்கச் சொன்னார் ஆய்வக அதிகாரி மேடம். ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பார்த்தால் போதும். எனக்குத்தான் என் கண்மேல் நம்பிக்கை கிடையாது. கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், துணி சுற்றி, முடிச்சின்மேல் அரக்கு வைத்த ஒரு பாட்டில். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போன பெண்ணுடையது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் செத்துப்போனவள். விஷமா என்று பார்க்க அவள் குடலிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார்கள். இன்னும் பரிசோதிக்கவில்லை. அவளுடைய அப்பா திங்கள்தோறும் வாசலில் வந்து நிற்பார். "எம்பொண்ணோடது பாத்துட்டாங்களா தம்பி?"

அந்த முத்திரை என் விரலுக்கடியில் இரண்டாகப் பிளந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "மெழுகுவத்தி கொளுத்தி லேசா காட்டு, ஒட்டிக்கும்."

"தெரிஞ்சிட்டா?"

"நீ சொன்னாதான்டா தெரியும்."

அவர் நீட்டிய தீப்பெட்டியை வாங்கிவிட்டேன். குச்சியை உரசக் கை வரவில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. படம் எடுத்தார், நடந்ததை எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். பரிசோதனையில் விஷம் இருந்தது. அவள் புருஷன்மேல் வழக்கு நடந்தது.

கோர்ட்டில் புருஷனின் வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன்ன யாரு அமுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க."

"அப்ப உள்ள எது வேணா கலந்திருக்கலாம்?"

"துணி பிரியலங்க ஐயா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

புருஷனை விடுதலை செய்துவிட்டார்கள். உடைந்த முத்திரையும் தீர்ப்பில் ஒரு காரணமாக எழுதியிருப்பதாக மேடம் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமையும் அந்த அப்பா வந்தார். இனி கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பழக்கத்தில் கால் இழுத்துவந்திருக்கும். கோர்ட்டில் நான் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தவர், என் கையைப் பார்த்தார்.

"கைய சும்மா வச்சிருக்கக் கூடாதா தம்பி?"

இப்போதும் முத்திரை பார்க்கிற வேலை எனக்குத்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து பார்க்கிறேன். அண்ணன் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார்.