அம்மா வரைந்த சூரபத்மன்

பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாசனை வந்ததும் கந்தர்வக்கோட்டை வீட்டில் ஓவியம் வரையும் அம்மா நினைவுக்கு வந்தாள்.

ஊர் நாடக சபைக்கு அம்மாதான் திரைச்சீலை வரைவாள். ஒரு வருடம் சூரபத்மனை வரைந்தாள். திரை இறங்கியதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. முறைப்பு, தொப்பை எல்லாம் கணக்கு வாத்தியாரான என் அப்பாவேதான்!

"என்னைய ஏன்டி அசுரனாக்குன?" என்று கத்தினார் அப்பா.

"மணிக்கணக்கா அசையாம உக்கார நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

"அப்ப முருகனா வரைஞ்சிருக்கலாம்ல?"

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முருகனுக்குத் தொப்பை கெடையாதுங்களே."

வெட்கத்தோடுதான் மறுநாள் பள்ளிக்கூடம் போனார். வகுப்பில் ஒரு பையன்கூட வாய் திறக்கவில்லை. வீட்டுக்கணக்கை எல்லோரும் போட்டுவந்திருந்தார்கள்.

அடுத்த வருடம் ராவணனை வரையச் சொல்லி சபைக்காரர்கள் வந்தார்கள். அம்மா கூப்பிடுவதற்கு முன்பே அப்பா நாற்காலியை எடுத்து வந்து வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.